வாங்குவதா, செய்வதா?

மனிதனுடைய ஆசைகளில் சில நாவைச் சேர்ந்தவை. சில கண்ணைச் சேர்ந்தவை. சில கையைச் சேர்ந்தவை. நாவின் ஆசை உண்டவுடன் தீரும். கண்ணின் ஆசை கண்டவுடன் அடங்கும். கையின் ஆசை மட்டும் அவ்வளவு எளிதில் ஓய்வதில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்தவன் அதைத் திருப்பிப் பார்க்கிறான், பிரித்துப் பார்க்கிறான், மறுபடியும் பூட்டிப் பார்க்கிறான், பிறகு, "இதை நாமே செய்தால் என்ன?" என்று கேட்கிறான். தச்சனும் கொல்லனும் கடிகாரம் பழுது பார்ப்பவனும் உலகில் உண்டானது இந்த ஆசையினாலேதான். ஆகையால் இது போற்றத்தக்க ஆசை.

ஆயினும், கை எந்தப் பொருளை நாடுகிறது என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும் அல்லவா? வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நமது காதில் சில காலமாக ஒரு புதுமையான கேள்வி விழுந்து வருகிறது. மேல்வகுப்புப் பையன்கள் தங்களுக்குள் விவாதிக்கிறார்கள். சில சமயம் உபாத்தியாயர்களையும் மத்தியஸ்தத்துக்கு அழைக்கிறார்கள். கேள்வி இதுதான்: "அரைத் தானியங்கி ரைபிள் ஒன்று வேண்டுமானால், அதைக் கடையில் வாங்குவது மேலா? உறுப்புகளைச் சேகரித்து நாமே பூட்டிக்கொள்வது மேலா?"

நெல்லும் கரும்பும் விளையும் நம் கிராமங்களில் இப்படி ஒரு கேள்வியா என்று நேயர்கள் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். கைப்பேசித் திரையில் அமெரிக்கர்கள் தங்கள் பட்டறைகளில் அமர்ந்து துப்பாக்கி பூட்டும் காட்சிகளை இந்தப் பையன்கள் பார்க்கிறார்கள். அதே பையன்கள் நாளைக்குச் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் லேத்து இயந்திரத்தின்முன் நிற்கப் போகிறவர்கள். இரும்பை நூல் பிசகாமல் கடையும் திறமை அவர்களுக்கு வரத்தான் போகிறது. அவர்களிடம் "உன்னால் முடியாது" என்று சொன்னால் அது பொய்யாகும். "கூடாது" என்று சொன்னாலோ, காரணம் சொல்ல வேண்டும். காரணத்தை இங்கே விளக்கமாகச் சொல்ல முயல்கிறோம்.

அமெரிக்கரின் வழக்கு

அமெரிக்க தேசத்தில் இது மெய்யாகவே எழும் கேள்வி. அங்கே பிரசித்தமான ஏ.ஆர். 15 என்னும் ரைபிளின் வடிவம் 1950களில் ஆர்மலைட் என்ற கம்பெனியில் யூஜின் ஸ்டோனர் என்பவரால் அமைக்கப்பட்டது. இன்று பல கம்பெனிகள் அதே வடிவத்தில் உறுப்புகளைச் செய்து விற்கின்றன. ஒருவர் செய்த குழல் மற்றொருவர் செய்த சட்டத்தில் பொருந்தும். 1968-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி, விசையைத் தாங்கும் நடுச்சட்டமே 'துப்பாக்கி' என்று கருதப்படுகிறது. மற்ற உறுப்புகளைச் சாதாரணச் சரக்குகளைப்போல் வாங்கலாம். ஆகவே பொழுதுபோக்குக்காரர் ஒருவர் மாதம் ஓர் உறுப்பாக வாங்கிச் சேர்த்து, ஒரு நாள் முழு ரைபிளையும் பூட்டிவிடுகிறார்.

வாங்குவதே மேல் என்னும் கட்சியார் சொல்வது: தொழிற்சாலையில் செய்த துப்பாக்கி சோதிக்கப்பட்டது, பழுதானால் கம்பெனி பொறுப்பேற்கும், ஆயிரக்கணக்கில் செய்வதால் விலையும் மலிவு, பின்னால் விற்றாலும் நல்ல விலை போகும். செய்வதே மேல் என்னும் கட்சியார் சொல்வது: நம் தோளுக்கும் கைக்கும் ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம், ஒவ்வோர் உறுப்பின் வேலையும் நமக்குப் புரியும், பழுதை நாமே நீக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது என் கைவேலை' என்னும் பெருமை உண்டு.

வாதம் நமக்கு அந்நியமானதன்று. கட்டிய வீட்டை வாங்குவதா, மனை வாங்கிக் கட்டுவதா என்று நம் வீட்டுத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வாதமே இது. வீட்டைக் கட்டிப்பார் என்று பழமொழி சொன்னவர்களும் செலவையும் அநுபவத்தையும் சேர்த்தே சொன்னார்கள். வேறுபாடு ஒன்றுதான்: வீடு இடிந்தால் குடியிருப்பவன்மேல் விழும், துப்பாக்கியோ எதிரே நிற்பவனைத் தேடிச் செல்லும்.

ஆயுதம் வைத்திருப்பதை அரசியல் சட்டத்திலேயே உரிமையாக எழுதி வைத்திருக்கும் அமெரிக்காவிலும், செய்துகொள்ளும் சுதந்திரத்துக்கு இப்போது கடிவாளம் போட்டிருக்கிறார்கள். எண் பொறிக்காத உறுப்புத் தொகுதிகளை வாங்கி வீட்டிலேயே துப்பாக்கியாக்குவது பெருகி, குற்றம் நடந்த இடங்களில் கிடைத்த துப்பாக்கிகள் யாருடையவை என்று போலீஸார் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. 2022-இல் அந்த அரசாங்கம் இத்தகைய தொகுதிகளுக்கும் எண் வேண்டும், வாங்குபவரைப் பற்றிய விசாரணையும் வேண்டும் என்று விதி செய்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அரைத் தானியங்கி என்பது என்ன?

நம் நரிக்குறவர் தோளில் முன்காலத்தில் கண்ட நாட்டுத் துப்பாக்கியை நினைத்துக் கொள்ளுங்கள். குழலின் வாய்வழியாக மருந்தைப் போட்டு, ரவையைப் போட்டு, கம்பியால் கெட்டித்த பிறகே ஒரு வெடி வெடிக்கும். இரண்டாவது வெடிக்குள் கொக்கு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்கு அடுத்த படியில் உள்ளது, கையால் தாழ்ப்பாளை இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் ரைபிள். அதற்கும் மேற்படியில் உள்ளதே அரைத் தானியங்கி. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு செல்லும். அந்த வெடியின் வேகமே வெறும் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். சுடுபவன் மறுபடி விசையை இழுக்க வேண்டியதுதான். விசையைப் பிடித்தபடியே இருந்தால் குண்டுகள் பொழிந்துகொண்டே இருப்பது முழுத் தானியங்கி.

இந்த இயந்திரம் யாருக்காக உண்டாயிற்று? போர்வீரனுக்காக. கானடாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஜான் காரண்டு என்பவர் அமைத்த எம் 1 ரைபிளை 1936-இல் அமெரிக்கச் சேனை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1962-ஆம் வருஷத்துச் சீனப் போரின்போது ஜவான்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது, தாழ்ப்பாள் இழுக்கும் பழைய .303 ரைபிளே. அதற்குப் பிறகுதான், பெல்ஜியத்து மாதிரியைப் பின்பற்றி வங்காளத்து இச்சாபூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். என்னும் அரைத் தானியங்கி பட்டாளத்தில் பரவிற்று. தோட்டா ஏற்றுவதற்காகப் பகைவன்மேல் வைத்த கண்ணை எடுக்க வேண்டாம் என்பதே அதன் பெரும் பிரயோஜனம். பொழுதுபோக்குக்காரனுக்குப் பகைவன் யார்? இந்தக் கேள்வியை நம் பையன்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பகைவன் இல்லாத இடத்தில் இந்த ஆயுதம் தவறான கையில் அகப்பட்டால் விளைவது என்ன என்பதை இரண்டு தேசங்கள் கண்ணீருடன் கற்றன. 1996-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டு 35 பேர் மாண்டனர்; அந்நாடு அரைத் தானியங்கி ரைபிள்களைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி, ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைக் குடிமக்களிடமிருந்து விலை கொடுத்து வாங்கி அழித்தது. 2019 மார்ச் 15-இல் நியூஜீலந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் தொழுகையிடங்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதத்திலேயே அங்கே பெரும்பாலான அரைத் தானியங்கிகளுக்குத் தடை வந்தது.

புதுவை மண்ணும் வெடிமருந்தும்

துப்பாக்கி நம் மண்ணுக்குப் புதியதன்று. இன்று ஏரித் தண்ணீரில் நாற்று அசையும் பாகூரில் 1752-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை, கெர்ழான் தலைமையில் நின்ற பிரெஞ்சுப் படையை முறியடித்து, அவரையே சிறைபிடித்தது. நிலம் நம்முடையது, இரு கட்சியிலும் மடிந்த சிப்பாய்களில் பலர் நம்மவர், வழக்கு மட்டும் வேறு யாருடையதோ! பிற்காலத்தில் புதுவைக் குடும்பங்களிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனம் வரையில் சென்று போரிட்டவர்களும் பலர். 'சொல்தா' என்ற சொல் இன்றும் நம் ஊர்களில் வழங்குகிறது. அப்படிப்பட்ட குடும்பங்களைக் கேட்டால், துப்பாக்கி என்பது விளையாட்டுச் சாமான் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மற்றொரு சரித்திரமும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், லைஸென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று விதித்தது. ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு! அந்தச் சட்டத்தின் கை நீளாத பிரெஞ்சுப் புதுவையில்தான் வ.வே.சு. ஐயர் 1910 முதல் தங்கி, இளைஞர்களுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி அளித்தார். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் ரயில் வண்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. அதுவும் தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகையே. அடுத்த நிமிஷத்தில் வாஞ்சி அதே துப்பாக்கியால் தம் உயிரையும் போக்கிக்கொண்டார். அவர்களுடைய தியாகத்தைப் போற்றுகிறவர்களும், அந்த வழியைப் பின்பற்றாத மகாத்மாவைப் போற்றுகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுவார்கள்: அந்தத் துப்பாக்கி பொழுதுபோக்குக்காக வந்ததன்று.

நம் பெரியோர் கேட்டது என்ன?

நம் பையன்களில் புத்திசாலி ஒருவன் இங்கே குறுக்கிட்டு, "அந்நியர் செய்த ஆயுதச் சட்டத்தை எதிர்த்துத்தானே நம் தலைவர்கள் போராடினார்கள்? இப்போது நீங்கள் அதே சட்டத்துக்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

1887-இல் பத்ருத்தீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ஆயுதச் சட்டத்தின் கொடுமையைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 1930 ஜனவரியில் மகாத்மா காந்தி வைஸ்ராய் இர்வின் பிரபுவின்முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் உப்பு வரியை ஒழிப்பது ஒன்று. தற்காப்புக்காகத் துப்பாக்கி லைஸென்ஸ் வழங்குவதும் ஒன்று. உப்பும் துப்பாக்கியும் ஒரே பட்டியலில் இருந்தன என்பது இன்று பலருக்கு வியப்பாயிருக்கும். ஆனால் அந்தக் கோரிக்கையில் ஒரு நிபந்தனையையும் காந்திஜி சேர்த்திருந்தார்: லைஸென்ஸ் வழங்குவது மக்களுடைய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும். 1931-ஆம் வருஷத்துக் கராச்சித் தீர்மானமும், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொன்னபோது, அதற்கென்று செய்யப்படும் விதிகளுக்கு உட்பட்டே சொல்லிற்று.

இதிலிருந்து விளங்குவது என்ன? சட்டமே வேண்டாம் என்று நம் பெரியோர் கேட்கவில்லை. வெள்ளையனுக்கு ஒன்று, கறுப்பனுக்கு ஒன்று என்றிருந்த சட்டம் போய், நம் ஜனங்கள் செய்யும் சட்டம் வேண்டும் என்றே கேட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் என்னும் அங்கத்தினர், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாகச் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் ஷரத்து, ஜனங்கள் அமைதியாகவும் ஆயுதம் இன்றியும் கூடுவதையே உரிமையாகச் சொல்கிறது. இது அந்நியர் நம்மேல் சுமத்திய தீர்ப்பன்று. நம் பிரதிநிதிகள் யோசித்துச் செய்த தீர்ப்பு.

இன்றுள்ள சட்டம்

பழைய 1878-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் இன்று இருப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும், 2016-ஆம் வருஷத்து விதிகளும். பையன்களின் கேள்வியைச் சட்டத்தின்முன் வைத்தால் கிடைக்கும் பதில் இது.

வாங்கலாமா? 21 வயது நிரம்பியவர் தக்க காரணம் காட்டி லைஸென்ஸுக்கு மனுச் செய்யலாம். போலீஸ் விசாரணை நடக்கும். துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க வசதி உண்டா என்று பார்ப்பார்கள். சாதாரண வகைகளுக்குக் கலெக்டரே லைஸென்ஸ் தருபவர். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்குமேல் பொதுவாக வைத்திருக்க முடியாது. ஆனால் அரைத் தானியங்கி ரைபிள், விதிகளில் கட்டுப்படுத்தப்பட்ட முதல் வகையில் சேர்ந்திருக்கிறது. பொழுதுபோக்கு என்ற காரணத்தைச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்கும் பொருளன்று அது. குடிமக்களுக்கென்று இச்சாபூரில் செய்யும் ரைபிள், தாழ்ப்பாள் இழுக்கும் .315 அளவினது. இந்த அளவுக்கும் ஒரு கதை உண்டு: தன் பட்டாளத்துத் தோட்டாவாகிய .303 குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று அந்நிய சர்க்கார் அஞ்சியபடியால் .315 வழக்கத்துக்கு வந்தது.

லைஸென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். இது மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு முக்கியம். நம் கொம்யூன்களின் எல்லை துண்டு துண்டாகக் கிடக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரம் போவதற்குள் புதுவையிலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, மறுபடி புதுவைக்குள் வருகிறோம். துப்பாக்கியுடன் போகிறவனுக்கு ஒவ்வோர் எல்லைக் கல்லும் ஒரு கேள்வி.

செய்யலாமா? லைஸென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி அதற்குத் தண்டனை குறைந்தது 7 வருஷச் சிறைவாசம். ஆயுள் முழுவதும்கூட ஆகலாம். அதோடு இன்னொரு நுட்பத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒரே ஓர் உறுப்புத்தான் துப்பாக்கி என்று கணக்கு. நம் சட்டத்திலோ துப்பாக்கியின் உறுப்புகளும், துப்பாக்கி செய்வதற்கான இயந்திரங்களும் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். ஆகவே, "முழுவதும் பூட்டவில்லையே, குழல் மட்டும்தானே கடைந்தேன்" என்று சொல்லித் தப்ப இயலாது. அமெரிக்கக் காட்சியைப் பார்த்து அதேபோல் தொடங்கும் நம் பையன், முதல் படியிலேயே குற்றவாளியாகிவிடுவான். அவன் வேலை பார்க்கும் பட்டறையின் சொந்தக்காரரும் வழக்கில் இழுக்கப்படுவார்.

இரும்பு மன்னிப்பதில்லை

சட்டத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்தாலும், இரும்பின் நியாயம் ஒன்று இருக்கிறது. கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 32 பவுண்டு. ஏ.ஆர். 15 வகை ரைபிளில் தோட்டா வெடிக்கும் கணத்தில் உள்ளே எழும் அழுத்தம் சுமார் 55,000 பவுண்டு. அதாவது 1,500 மடங்குக்கும் அதிகம். சுடுபவனுடைய கன்னம் அந்த வெடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும். இதனாலேதான் துப்பாக்கித் தொழில் முதிர்ந்த நாடுகளில், அதிக மருந்து வைத்துச் சுட்டுச் சோதித்து முத்திரை இட்ட பிறகே துப்பாக்கியை விற்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் இதற்கென்றே 1813-இல் ஒரு சோதனைச்சாலை ஏற்பட்டது. நம் சட்டமும், செய்தவர் பெயரும் எண்ணும் பொறிக்காத துப்பாக்கி கூடாது என்கிறது. லேத்தில் கைதேர்ந்தவன் அளவைச் சரியாகக் கொண்டுவரலாம். இரும்பின் உள்மனத்தை அறிய லேத்துக்குக் கண் இல்லை.

கைவேலைத் துப்பாக்கி எவ்வளவு எளிமையானதாயினும் தீமை எளிமையாய் இராது. 2022 ஜூலை 8-இல் ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபேயைக் கொன்றது ஒருவன் வீட்டிலேயே செய்த துப்பாக்கி. 2025-ஆம் வருஷத்துத் தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் குழாய்களைக் கொண்டு செய்து விற்ற 'கார்பைடு துப்பாக்கி' என்னும் விளையாட்டுச் சாமானால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கண்ணில் காயமுற்றார்கள். அவர்களில் பலர் சிறுவர். அது குண்டுகூட இல்லாத வெறும் ஓசைக்கருவி! வேடிக்கைக்காகச் செய்தது, போனது கண்.

திறந்திருக்கும் வாயில்

அப்படியானால் குறி பார்த்துச் சுடும் ஆசை உள்ள பிள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதுவும் வெகு கௌரவமான வழி.

ஒலிம்பிக் பந்தயத்தில் ரைபிள் சுடுபவர்கள் அரைத் தானியங்கியைத் தொடுவதில்லை. அங்கே விதி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ரவையைக் கையால் ஏற்றிச் சுட வேண்டும் என்பது. 10 மீட்டர் காற்று ரைபிள் பந்தயத்தில், முழுப் பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுப்புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். எழுதுகோலின் நுனி வைத்த புள்ளி என்று சொல்லலாம். அதைப் 10 மீட்டர் தூரத்தில் நின்று, 75 நிமிஷத்தில் 60 முறை குறிபார்க்க வேண்டும். அங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. மூச்சை அடக்குபவனும் மனத்தை நிறுத்துபவனுமே வெல்கிறான். யோகாசனம் செய்பவனுக்கும் வீணை வாசிப்பவனுக்கும் வேண்டிய அடக்கம் இதற்கும் வேண்டும்.

தனி ஒருவராக ஒலிம்பிக்கில் இந்தியர் பெற்ற முதல் தங்கப் பதக்கம், 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தக் காற்று ரைபிள் பந்தயத்தில் வென்றதே. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் அதே பந்தயத்தில் வெண்கலம் பெற்றார். நமக்கு இன்னும் அண்மையில் ஒரு பெயர் உண்டு. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணைக்கு அப்பால் உள்ள கடலூரில் 1999-இல் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். குஜராத்தில் வளர்ந்த இந்தப் பெண், 2019-இல் ரியோ நகரத்து உலகக் கோப்பையில் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் நம் தேசத்துக்காக நின்றார். நம் பெண் குழந்தைகளின் பெற்றோர் இந்தப் பெயரை நினைவில் வைக்க வேண்டும். இந்த விளையாட்டுக்குப் புஜபலம் முக்கியமன்று.

இத்தகைய காற்று ரைபிள், .177 அளவுக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாமல் இருந்தால், அதற்கு லைஸென்ஸ் வேண்டியதில்லை என்று 2016-ஆம் வருஷத்து விதிகள் சொல்கின்றன. இங்கே 'வாங்குவதா' என்னும் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்துவிடுகிறது: வாங்கலாம். ஆனால் லைஸென்ஸ் வேண்டாம் என்பதால் பயம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. காற்று ரைபிளின் ரவை ஒரு கண்ணைப் போக்கப் போதுமானது. பெரியவர் அருகில் இல்லாமல் சிறுவன் கையில் அதைக் கொடுக்கலாகாது; வீட்டுக் கொல்லையில் கோழிக்கும் பூனைக்கும் குறி வைக்க விடலாகாது. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி 2008-இல் பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்முன், நாரையைச் சுட்டது காற்றா, மருந்தா என்ற வேற்றுமை கிடையாது.

மெய்யான தோட்டா சுடும் அநுபவம் வேண்டும் என்றால் அதற்கும் தேசிய மாணவர் படை இருக்கிறது. 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்ட அந்தப் படையில் சேரும் மாணவர்கள், அதிகாரிகளின் மேற்பார்வையில் .22 ரைபிளில் பயிற்சி பெறுகிறார்கள். 1951-இல் ஏற்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கமும் இருக்கிறது. அதை ஸ்தாபித்தவர், லோக்சபையின் முதல் சபாநாயகரும் காந்திஜியின் வழிநின்றவருமான ஜி.வி. மாவ்லங்கர். அகிம்சையில் நம்பிக்கை வைத்தவர் ரைபிள் சங்கம் ஏற்படுத்தியது முரண்பாடாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. ஒழுங்குக்குள் நிற்கும் ஆயுதத்துக்கும் ஒழுங்கில்லாத ஆயுதத்துக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

கைக்கு வேலை

கடைசியாகச் 'செய்வதா' என்னும் கேள்விக்கு வருவோம். கட்டுரையின் தொடக்கத்தில் கையின் ஆசையைப் போற்றினோம். முடிவில் அதைச் சிறையில் அடைக்க நமக்கு மனமில்லை. சுடும் பயிற்சிக்கு வேண்டியவற்றிலேயே செய்வதற்கு எவ்வளவோ இருக்கின்றன. ரவையை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பெட்டி, குறித்தாளைக் கம்பியில் ஓட்டி அருகில் கொண்டுவரும் சக்கரம், தடுப்புச் சுவர், மர மேஜை: இவற்றை ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களே திட்டமிட்டுச் செய்யலாம், செய்த பின் பெருமையும் கொள்ளலாம். இயந்திர நுட்பமே வேண்டும் என்பவனுக்கு, பாகூர்ப் பக்கத்து வயல்களில் பழுதாகிக் கிடக்கும் மோட்டார்ப் பம்புகள் போதாவா? தொலைநோக்கிக் கண்ணாடியைத் தானே தேய்த்துச் சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்க்கும் சிறுவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். துப்பாக்கிக் குழலை நூல் பிசகாமல் கடையக்கூடிய கைக்கு இவையெல்லாம் ஏற்ற வேலைகளே.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் திட்டி வாயை அடைத்துவிடாதீர்கள். வாயை மூடிக்கொண்ட பிள்ளை கேள்வியை விட்டுவிடமாட்டான், கைப்பேசியிடம் கேட்பான். அது அவனுக்கு அமெரிக்கச் சட்டத்தைச் சொல்லும். நம் சட்டத்தைச் சொல்லாது. "எதற்காக வேண்டும்?" என்று நீங்கள் முதலில் கேளுங்கள். குறி தவறாமல் அடிக்க வேண்டும் என்பானானால், அவனைக் காற்று ரைபிளுக்கும் மாணவர் படைக்கும் அனுப்புங்கள். இயந்திரம் பூட்ட வேண்டும் என்பானானால், ஒரு நல்ல பட்டறைக்கு அனுப்புங்கள். 'எல்லோரும் என்னைக் கண்டு அஞ்ச வேண்டும்' என்று அவன் உள்ளத்தில் இருக்குமானால், அவனுக்கு வேண்டியது துப்பாக்கி அன்று. அவன் அருகில் அமர்ந்து பேச ஒரு தகப்பனாரோ, தாயாரோ, உபாத்தியாயரோ வேண்டும்.

மக்களுடைய கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு என்று காந்திஜி சேர்த்த நிபந்தனை, இப்போது நம் கையில் இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு கச்சேரியில் தொடங்குவதில்லை. பிள்ளையின் முதல் கேள்விக்கு வீட்டில் நாம் சொல்லும் பதிலில் தொடங்குகிறது.